பெருவின் அமேசான் காட்டில் பறவைகளை எப்படிப் பார்ப்பது, எப்படிப் படமெடுப்பது?

கேள்வி இது: இரண்டு வார விடுப்பில் பெரு நாட்டின் அமேசான் காட்டுக்குப் பறவை பார்க்கவும் படமெடுக்கவும் போகத் திட்டம். கையில் 100-400 லென்ஸ் இருக்கிறது. போய்வந்த நண்பர் ஒருவர், "நாள் முழுக்க நடந்தும் கண்ணில் ஒன்றும் படவில்லை" என்கிறார். அது உண்மையா? எங்கே, எந்த மாதம் போகலாம்? லென்ஸ் போதுமா?

நண்பர் சொன்னது உண்மைதான். பெருவில் 1,800-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு. இந்தியா முழுவதையும் சேர்த்தால்கூட 1,300 சொச்சம்தான். தென்கிழக்குப் பெருவில் உள்ள மானு தேசியப் பூங்காவில் மட்டும் 1,000 இனங்களுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. இருந்தும் அங்கே சமவெளிக் காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு சிறகசைவுகூடக் கண்ணில் படாமல் போகலாம்.

இனங்கள் அதிகம், ஆனால் ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை குறைவு. மானுவுக்குள் கோச்சா காஷு என்று ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. சூழலியலாளர் ஜான் டெர்போர்கும் அவருடைய குழுவும் அங்கே 97 ஹெக்டேர் காட்டை எடுத்துக்கொண்டு எந்தப் பறவையின் எல்லை எங்கே முடிகிறது என்று கணக்கிட்டு 1990-இல் வெளியிட்டார்கள். அந்தத் துண்டு நிலத்தில் 245 இனங்கள் குடியிருந்தன. ஆனால் பல இனங்களுக்கு அங்கே இருந்தது ஓரிரு ஜோடிகள்தான். போதாததற்கு உச்சி விதானம் 30, 35 மீட்டர் உயரத்தில் இருக்கும். தரையை எட்டுவது மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஓரிரு பங்குதான். இப்படிப்பட்ட காட்டில் பறவையைத் தேடி நடப்பது பலன் குறைந்த வேலை. பறவைகள் தாமாக வந்து கூடும் இடங்களும் நேரங்களும் அங்கே உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு போய் நிற்பதுதான் வேலை. பயணத் திட்டம், லென்ஸ், மாதம் எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் கலப்புக் கூட்டம், அதாவது பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரைதேடும் கூட்டம். ஆனைமலையில் துடுப்புவால் கரிச்சான் குரலைக் கேட்டதும் நின்று, அதோடு வரும் சிலம்பன்களையும் மரங்கொத்திகளையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அமேசானில் இந்த ஏற்பாடு இன்னும் கெட்டியானது. ஒரே கூட்டத்தில் பல இனங்கள், பெரும்பாலும் இனத்துக்கு ஒரு ஜோடி. எல்லா ஜோடிகளுக்கும் பொதுவாக ஒரே எல்லை. ஆண்டுக்கணக்கில் அதே எல்லை. காலையில் கூட்டம் சேரும் இடமும் ஏறக்குறைய மாறாது. அந்த இடத்தை அறிந்த வழிகாட்டி விடிவதற்குள் உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

கூட்டத்துக்குக் காவல்காரனும் உண்டு. கீழ்மட்டக் கூட்டத்தில் நீலச்சாம்பல் நிற ஆன்ட்ஷ்ரைக் என்ற சிறு பறவை ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும். மேல்மட்டக் கூட்டத்தில் அந்த வேலை வெள்ளைச்சிறகு ஷ்ரைக்-டானஜர் என்ற பறவையுடையது. பருந்து வந்தால் முதலில் கத்துவது இவைதான். மற்றவை இலை இலையாகப் புரட்டிப் பூச்சியைக் கிளப்பும்போது தப்பி விழுவதைப் பிடித்துத் தின்பதே காவல்காரனின் பிழைப்பு. பறவை ஆய்வாளர் சார்லஸ் மன் 1986-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைவிடச் சுவாரசியம். ஒரே பூச்சியை இன்னொரு பறவையும் துரத்தும்போது, பருந்தே இல்லாத நேரத்தில் இந்தக் காவல்காரர்கள் அபாயக் குரல் கொடுக்கின்றன. மற்றது ஒரு கணம் தயங்குகிறது, பூச்சி இதன் வாய்க்குப் போகிறது. பொய் என்று சந்தேகம் இருந்தாலும் அலட்சியப்படுத்த முடியாது, அடுத்த முறை நிஜப் பருந்தாக இருக்கலாம்.

உங்களுக்கு இதில் கிடைக்கும் பயன்: அந்த ஆன்ட்ஷ்ரைக் குரல் ஒன்றை மட்டும் ஊரிலேயே கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு போங்கள். அது கேட்டால் கூட்டம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். பாதையில் அசையாமல் நில்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கூட்டம் உங்களைக் கடந்து போய்விடும், அந்த நேரத்தில் எல்லாவற்றையும் படமெடுக்க முடியாது. ஒரு பறவையைத் தேர்ந்து அதை மட்டும் பின்தொடருங்கள். மற்றவற்றுக்குப் பைனாகுலர் போதும்.

அடுத்தது படையெறும்பு. எனக்கு அந்தக் காட்டில் மிகவும் பிடித்தது இதுதான். எசிடான் பர்ச்செல்லி என்ற எறும்பு இனம் காலையில் கூட்டை விட்டுப் பல மீட்டர் அகல விசிறியாகப் பரவி தரையை அரித்துக்கொண்டு போகும். முதலில் காதில் விழுவது காய்ந்த சருகில் ஒரு சரசரப்பு, தூறல் விழுவதுபோல. கூடவே மெல்லிய சிணுங்கல் குரல்கள். பிறகு வெட்டுக்கிளி, கரப்பான், சிலந்தி, பூரான் என்று ஒளிந்திருந்த எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடிவரும். எறும்புப் பறவைகள் காத்திருப்பது அதற்காகத்தான். பெயரைக் கேட்டால் எறும்பைத் தின்பதுபோல் தோன்றும். அவை தின்பது எறும்புக்குப் பயந்து ஓடுவதை. விரல் பருமன் செடித்தண்டைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு முழங்கால் உயரத்தில் உட்கார்ந்திருக்கும், சட்டென்று தரைக்குப் பாய்ந்து அடுத்த தண்டுக்குத் தாவும். மானு பக்கத்தில் வெண்தொண்டை எறும்புப் பறவையும், கண்ணைச் சுற்றிச் செக்கச்சிவந்த வெற்றுத்தோல் கொண்ட கரும்புள்ளி பேர்-ஐ (bare-eye) என்ற பறவையும் இப்படித்தான் வாழ்கின்றன. வேறு நேரத்தில் பார்க்கவே முடியாத இவை, படை ஓடும்போது மனிதர்களைக் கிட்டத்தட்ட மறந்துவிடுகின்றன. மூன்று மீட்டர் தூரத்தில் நின்று படமெடுக்கலாம்.

இந்த எறும்புகளுக்கு ஒரு சுழற்சி உண்டு. ஏறக்குறைய 15 நாள் தினமும் இடம்மாறிப் படையெடுக்கும், பிறகு 20 நாள் போல ஒரே இடத்தில் தங்கி முட்டையிடும். தங்கும் காலத்தில் படையெடுப்பு குறைவு. எனவே லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்ததும் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சமீபத்தில் படையெறும்பு எங்கே பார்த்தீர்கள், அப்போது இடம்மாறிக்கொண்டிருந்ததா?" என்பதுதான். கிடைத்துவிட்டால் அன்றைய மற்ற திட்டங்களை ரத்து செய்துவிடுங்கள். பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகி, படையின் பக்கவாட்டில் நில்லுங்கள், முன்னால் நிற்காதீர்கள். எறும்பு பூட்ஸில் ஏறினால் இரண்டடி விலகிக்கொள்ளுங்கள், போதும்.

மூன்றாவது, ஆண் பறவைகள் கூடி ஆடும் களம். பெருவின் தேசியப் பறவையான ஆண்டீஸ் காக்-ஆஃப்-தி-ராக்கை, ஆண்டீஸ் மலையிலிருந்து காட்டுக்கு இறங்கும் மானு சாலையில் சான் பெட்ரோ அருகே, சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் ஒரு மறைவிடத்திலிருந்து பார்க்கலாம். முன்பதிவு தேவை. விடிவதற்கு முன்பே உள்ளே உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் பன்றிக்குட்டி கத்துவதுபோல் குரல் மட்டும் வரும், இருட்டில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வெளுத்ததும் ஆரஞ்சு உருண்டைகள் துலங்கும். விசிறிக்கொண்டை அலகையே மூடியிருக்கும், சிறகின் உள்பக்க இறகுகள் வெள்ளிச்சாம்பல், மீதிச் சிறகும் வாலும் கறுப்பு. இரண்டு ஆண்கள் எதிரெதிரே குனிந்து தலையாட்டி அலகைச் சொடுக்கும். பழுப்பு நிறப் பெண் ஒன்று ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தால் மொத்தக் களமும் வெறிபிடித்ததுபோல் ஆகிவிடும். கூடு கட்டுவதும் குஞ்சை வளர்ப்பதும் பெண் மட்டுமே, ஆணுக்கு இந்த ஆட்டம்தான் வாழ்க்கை. இங்கே ஃபிளாஷ் வேண்டாம். களம் கலைந்தால் பாதிக்கப்படுவது ஓர் ஆண்டின் இனப்பெருக்கம்.

நான்காவது, கோல்பா எனப்படும் களிமண் சுவர். ஆற்றங்கரை மண்ணைத் தின்ன மக்காவ்களும் கிளிகளும் நூற்றுக்கணக்கில் வரும். தம்போபாட்டா ஆற்றில் உள்ள கோல்பா கொலராடோவும், மானு பக்கம் பிளாங்கியோவும் புகழ்பெற்றவை. காயிலுள்ள நஞ்சை முறிக்கவே மண் தின்கின்றன என்று முன்பு பரவலாகச் சொன்னார்கள். பறவை ஆய்வாளர் டொனால்ட் பிரைட்ஸ்மித் குழு தம்போபாட்டாவில் மண்ணைச் சோதித்தபோது, கிளிகள் தேர்ந்தெடுக்கும் அடுக்கில் சோடியம் அதிகம் என்று தெரிந்தது. அட்லாண்டிக் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் மேற்கு அமேசானில் உப்பு அரிது. குஞ்சு வளர்க்கும் மாதங்களில் வரத்து கூடுவதும் இதற்குப் பொருந்துகிறது. விடிந்ததும் சின்னக் கிளிகள், பிறகு பெரிய மக்காவ்கள். மழை பெய்தால் வரத்து வெகுவாகக் குறையும். மேலே கழுகு வட்டமிட்டால் மொத்தக் கூட்டமும் ஒரே வெடிப்பாகக் கிளம்பிப் போய்விடும். அதனால் ஒரே காலைப் பொழுதை நம்பிப் போகாதீர்கள், குறைந்தது இரண்டு மூன்று காலைகள் வையுங்கள்.

படத்துக்காகவே போகிறவர்கள் கோச்சாக்களை மறக்கக் கூடாது. ஆறு திசைமாறியபோது பின்னால் விட்டுப்போன வளைந்த ஏரிகள் அவை. துடுப்புப் படகில் ஓசையில்லாமல் போகலாம், வானம் திறந்திருப்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. கரையோரப் புதரில் ஹோவாட்சின் என்ற பறவை கூட்டமாக உட்கார்ந்து மூச்சிரைக்கும். இலையைத் தின்று கழுத்தடித் தீனிப்பையில் மாடுபோல் நொதிக்க வைக்கும் பறவை அது. குஞ்சின் சிறகில் நகங்கள் இருக்கும். ஆபத்து வந்தால் தண்ணீரில் குதித்து, பிறகு அந்த நகத்தால் பற்றி மேலே ஏறிவிடும். ராட்சத நீர்நாய்களும் இங்கேதான். உச்சிப் பறவைகளுக்கு மரக் கோபுரம் உள்ள லாட்ஜாகப் பாருங்கள். பெரும்பாலும் லுபுனா மரத்தையொட்டிக் கட்டியிருப்பார்கள், நம்மூர் இலவம் பஞ்சு மரமும் அதே இனம்தான். முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் கோபுரத்துக்கு. அதற்கப்புறம் வெயிலும் கானலும் படத்தைக் கெடுத்துவிடும்.

இடம் என்று கேட்டால், என் ஓட்டு மானு சாலைக்குத்தான். குஸ்கோவிலிருந்து பௌகார்தாம்போ வழியாக வந்து சுமார் 3,500 மீட்டரில் அக்கனாகோ கணவாயைத் தாண்டினால், சாலை ஆண்டீஸின் கிழக்குச் சரிவில் இறங்கி அமேசான் அடிவாரம் வரை போகிறது. சில நூறு மீட்டர் இறங்கினாலே பறவைகள் மாறிவிடும். மேலே கண்ட ஒரு டானஜருக்குப் பதில் அதன் உறவுக்கார இனம் ஒன்று கீழே அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். மேகக்காட்டில் மரங்கள் குட்டை, சாலை திறந்த வெளி, சரிவில் நின்றால் மர உச்சி கண்மட்டத்துக்கு வந்துவிடும். படமெடுக்க இதைவிட வசதியான மழைக்காடு எனக்குத் தெரிந்து குறைவு. லாட்ஜ்களில் வைத்திருக்கும் சர்க்கரை நீர்க் குடுவைகளுக்கு ஹம்மிங்பேர்டுகள் வரும், 100-400 லென்ஸுக்கு ஏற்ற விருந்து.

இதே பகுதியில் ஒரு வேதனையான செய்தியும் இருக்கிறது. பூங்காவை ஒட்டிய செர்ரோ டி பான்டியகொல்லா என்ற மலைமுகட்டில் 1985-இல் எடுத்த பறவைக் கணக்கை 2017-இல் பெஞ்சமின் ஃபிரீமன் குழு அதே வழியில் திரும்ப எடுத்தது. வெப்பம் கூடக் கூடப் பறவைகள் மேலே ஏறியிருந்தன. முகட்டில் மட்டும் வாழ்ந்த சில இனங்களுக்கு அதற்கு மேல் ஏற இடமில்லை, அவற்றை அங்கே மறுபடி காணவே முடியவில்லை. கீழே மத்ரே தி தியோஸ் ஆற்றில் படகில் போகும்போது தங்கம் அரிக்கும் இயந்திரங்களையும் கரையில் குவிந்த கூழாங்கல் மேடுகளையும் பார்ப்பீர்கள். அந்தப் பாதரசம் மீனுக்குள் போய், மீன் தின்னும் எல்லாவற்றுக்குள்ளும் போகிறது. காட்டைக் காட்டிப் பிழைக்கும் உள்ளூர்ச் சமூகங்கள் நடத்தும் தங்குமிடங்களில் உங்கள் பணம் சேரட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டு வாரத்தை நான் பிரித்தால் இப்படி: குஸ்கோவிலேயே உயரம் 3,400 மீட்டர், அதனால் உடம்பு பழக இரண்டு நாள். மேகக்காட்டில் இரண்டு உயரங்களில் மொத்தம் ஐந்து இரவு. பிறகு அட்டலாயாவிலிருந்து படகில் இறங்கி, கோபுரமும் கோச்சாவும் கோல்பாவும் எட்டும் தூரத்தில் உள்ள ஒரே சமவெளி லாட்ஜில் ஐந்து இரவு. திரும்பும் வழி படகிலும் சாலையிலுமாகப் புவேர்டோ மால்டொனாடோ, அங்கிருந்து விமானம். ஈக்வடாரையும் சேர்த்துக்கொள்ளும் ஆசை வரும், வேண்டாம். பாதி நாட்கள் விமான நிலையத்திலேயே போய்விடும்.

மாதம்: மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெற்கிலிருந்து ஃப்ரியாஜே என்ற குளிரலை அவ்வப்போது வந்து சமவெளியையே நடுங்க வைக்கும், அந்த நாட்களில் காடு அடங்கிவிடும். பறவைகள் அதிகம் பாடுவது, மக்காவ்கள் மண்ணுக்கு வருவது, சாலை நன்றாக இருப்பது மூன்றும் சேர்வது செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான். ஜனவரி, பிப்ரவரியில் மானு சாலையில் நிலச்சரிவு சகஜம்.

காதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 1982-இல் பறவையியலாளர்கள் டெட் பார்க்கரும் ஸ்காட் ராபின்சனும் கோச்சா காஷுவில் ஒரே நாளில் 331 இனங்களைப் பதிவு செய்தார்கள், மோட்டார் வண்டி எதுவும் இல்லாமல், நடந்தும் படகிலும். பெரும்பகுதி காதால் கேட்டது. பார்க்கருக்குச் சுமார் 4,000 பறவைகளின் குரல் மனப்பாடம் என்பார்கள். 1993-இல் ஈக்வடாரில் ஆய்வுக்காகப் பறந்தபோது விமானம் மலையில் மோதி இறந்தார், வயது 40. அவர் பதிவு செய்த ஆயிரக்கணக்கான குரல்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இணையத்தில் கேட்கலாம். கிளம்புவதற்கு முன் இருபது குரல்கள் கற்றால் போதும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி உதவும், ஆனால் அடர்காட்டுப் பறவைகளில் அது சொல்வதை வழிகாட்டியிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் ஒருமுறைதான் செய்வீர்கள், ஆனால் அதே பாதையில் வாரந்தோறும் வேறு வேறு குழுக்கள் அதே ஜோடியைக் கூப்பிடும். எதிரி வந்துவிட்டான் என்று அது ஒவ்வொரு முறையும் இரையை விட்டு ஓடிவரும். ஈக்வடாரில் மிண்டோ அருகே ஆங்கெல் பாஸ் என்ற விவசாயி வேறு வழி கண்டார். கண்ணிலேயே படாத ராட்சத ஆன்ட்பிட்டா என்ற தரைப் பறவையை மண்புழு கொடுத்துப் பழக்கி, 'மரியா' என்று பெயரிட்டு, அதைக் காட்டியே தன் நிலத்துக் காட்டைக் காப்பாற்றினார். உணவு கொடுப்பதிலும் கேள்விகள் உண்டு. ஆனால் மரம் வெட்டுவதற்குப் பதிலாக ஒரு குடும்பம் பறவையால் பிழைக்க முடிந்தது பெரிய விஷயம்.

சரி, கேமரா. உங்கள் 100-400 மேகக்காட்டுக்கும் கோச்சாவுக்கும் ஹம்மிங்பேர்டுக்கும் தாராளம். கோல்பா கொலராடோவைத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும், அங்கே 500, 600 தேவைப்படும். காட்டுத் தரையில் பிரச்சினை நீளமல்ல, வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400 என்பது அங்கே தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/60 வரை இறக்கி, மோனோபாடில் ஊன்றி, பறவை தலையை அசைக்காத கணத்தில் தொடர்ச்சியாக எடுங்கள். பத்தில் ஒன்று கூர்மையாக வந்தால் நல்ல நாள். ராவ் கோப்பாக எடுத்தால் இரைச்சலைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். குலுங்கிய படத்தைத்தான் எதுவும் காப்பாற்றாது. உச்சிப் பறவையை வெள்ளை வானத்துக்கு எதிரே எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள், இல்லாவிட்டால் ஏழு வண்ண டானஜரும் காக்கை நிறத்தில் வரும்.

ஈரப்பதம் லென்ஸுக்கு எமன். சிலிகா ஜெல் நிறைய எடுத்து, காற்றுப்புகாத பெட்டியில் இரவில் வைத்து மூடுங்கள். பல லாட்ஜ்களில் மின்சாரம் சில மணி நேரம்தான், பேட்டரி கூடுதலாக வேண்டும்.

கால்முட்டி வரை ரப்பர் பூட்ஸ் பல லாட்ஜ்களில் கொடுப்பார்கள், உங்கள் அளவு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இசுலா என்ற பெரிய கறுப்பு எறும்பு கொட்டினால் ஒரு நாள் முழுக்க வலிக்கும். அதனால் பார்க்காமல் எந்த மரத்தையும் பிடிக்காதீர்கள், சாயாதீர்கள். மலேரியா மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தியாவிலிருந்து போகிறவர்கள் விட்டுவிடக் கூடாத ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் பெருவும் உண்டு. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவது வழக்கம் என்பதால், டிக்கெட் எடுத்த வாரமே விசாரித்து முடித்துவிடுங்கள்.